டிபிஎஃப், யூரியாத் தொட்டி உள்ள டிராக்டர் வேலை நாளில் காலை வாரிவிடுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும். கேட்டவரிடம் மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய 50 எச்.பி. டிராக்டர் ஒன்று இருக்கிறது. இப்போது 90 எச்.பி.யில் புதிதாக வாங்க நினைக்கிறார். அதில் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு), டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி), யூரியாத் தொட்டி (புகையில் தெளிக்கும் யூரியா கரைசலுக்கானது) எல்லாம் வருகின்றன. "விளக்கு எரிந்தால் பவர் விழுந்துவிடும், லேப்டாப்போடு ஆள் வந்தால்தான் நகரும்" என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். பழைய மாடலையே இன்னொன்று தேடுவதா, புதிதை வாங்கி இந்தச் சாமான்களைக் கழற்றிவிடுவதா, அப்படியே ஓட்டலாமா என்று கேட்கிறார். மாசுக் கட்டுப்பாடு தேவையா இல்லையா என்ற வாதம் அவருக்கு வேண்டாம். அறுப்பு நாளில் வண்டி நடுவயலில் நின்றுவிடுமா என்பதுதான் அவருடைய கவலை.

நிற்கலாம். ஆனால் நிற்க வைக்கும் காரணங்கள் பெரும்பாலும் பல நாள் முன்பே தலைகாட்டுபவை. வண்டியின் அளவுக்கு வேலை போதாமை, டீசல், ஆயில், யூரியா கரைசல் இவற்றில் அலட்சியம், சென்சாரும் வயரிங்கும் கெடுவது என்ற மூன்றுக்குள் பெரும்பாலான தொல்லைகள் அடங்கிவிடும். பிஸ்டன், கிராங்க், பேரிங் வகையறா பழையவற்றைவிட மோசமாகிவிடவில்லை. பழுது வரும் இடம் இன்ஜின் பிளாக்கை விட்டுப் புகைக்குழாய்ப் பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை ஸ்பேனரை வைத்து மட்டும் பார்க்க முடியாது என்பதால் பயம் கூடிவிட்டது.

இத்தனை சாமான் ஏன் வந்தது என்று புரிந்தால் பராமரிப்பு பாதி புரிந்துவிடும். டீசல் இன்ஜினில் எரிப்பு சூடாகவும் முழுமையாகவும் நடந்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். எரிப்பைக் குளிர்வித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். இரண்டையும் சிலிண்டருக்குள்ளேயே ஒருசேரக் குறைக்க முடிந்த அளவு குறைத்தாகிவிட்டது. அதற்குமேல் புகைக்குழாயில்தான் வேலை நடக்க வேண்டும். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய முதல் கட்ட விதியில் 130 முதல் 560 கிலோவாட் வரையுள்ள இன்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு 9.2 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். அதே விதியின் இறுதிக் கட்டமான டியர் 4 ஃபைனலில் அது 0.4 கிராம். ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5 விதி, 19 முதல் 560 கிலோவாட் வரை, கரித்துகளின் எடைக்கு 0.015 கிராம் என்று வரம்பு வைத்ததோடு துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. அந்த எண்ணிக்கை வரம்புக்குள் வர டிபிஎஃப் இல்லாமல் நடைமுறையில் வழியில்லை.

வாங்குகிறவருக்கு இதில் முக்கியம் எச்.பி. எல்லைகள். அமெரிக்க விதியில் 19 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 25 எச்.பி.க்குக் கீழே கரி வரம்பு தளர்வானது. சிறிய டிராக்டர்கள் டிபிஎஃப் இல்லாமலே வருவதற்கு அதுதான் காரணம். 19 முதல் 56 கிலோவாட் வரை, அதாவது 75 எச்.பி. வரை, கரிக்குக் கடுமையான வரம்பு, நைட்ரஜன் ஆக்சைடுக்கு நடுத்தர வரம்பு. அங்கே ஈஜிஆரும் டிபிஎஃப்பும் போதும், யூரியா தேவைப்படாது. 56 கிலோவாட்டுக்கு மேலே போனால் யூரியா வந்துவிடும். இந்தியாவில் 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 என்ற டிராக்டர் மாசு விதி 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆகவே 74 எச்.பி. வண்டிக்கும் 80 எச்.பி. வண்டிக்கும் இழுவையில் வித்தியாசம் சொற்பமாக இருந்தாலும், புகைக்குழாயில் தொங்கும் சாமான்களில் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடும். 90 எச்.பி. உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் கணக்குப் போட வேண்டியது இதனால்தான்.

ஈஜிஆரை முதலில் முடித்துவிடலாம், அதில் சொல்ல அதிகமில்லை. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் கூலரில் குளிர்வித்து மீண்டும் இன்டேக்குக்குள் விடுவது ஈஜிஆர். ஆக்சிஜன் குறைவதால் எரிப்பின் உச்ச வெப்பம் குறைகிறது. கெடுவது இரண்டு இடத்தில். வால்வில் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி பிடித்துத் திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ இறுகிப்போகும்; திறந்தபடி நின்றால் கரி கூடும், இழுவையில் மந்தம் தெரியும். கூலர் விரிசல் விட்டால் அது இன்னும் நயவஞ்சகம்: வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது, ஆனால் வாரா வாரம் கூலண்ட் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் கூலரைச் சந்தேகிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் கூலண்டில் உள்ள ரசாயனங்கள் பின்னால் இருக்கும் டிஓசி என்ற வினையூக்கியையும் டிபிஎஃப்பையும் கெடுத்துவிடும்.

டிஓசி என்பது பிளாட்டினம், பல்லேடியம் பூசிய தேன்கூட்டு வினையூக்கி. எரியாத டீசல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் அது எரித்து முடிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. அதன் பின்னால் டிபிஎஃப். இதன் அறைகள் ஒருபக்கம் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும், புகை சுவரின் நுண்துளை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரியை எரிக்க இரண்டு வழி உண்டு. புகை 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்தால், முன்னால் உண்டான நைட்ரஜன் டை ஆக்சைடே கரியை மெல்ல எரித்துக்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சூடு கிடைக்காதபோது கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைப் புகைப்பாதைக்கு அனுப்பி, அது டிஓசியில் எரிந்து, டிபிஎஃப்புக்குள் சுமார் 600 டிகிரியை உண்டாக்கிக் கரியை எரிக்கும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள்; பேச்சுவழக்கில் ரீஜென்.

இங்கேதான் வேலையின் தன்மை உள்ளே வருகிறது. ஐடிலில் நிற்கும் இன்ஜினின் புகை 100 முதல் 150 டிகிரியில் இருக்கும். கனமான உழவிலோ ரோட்டவேட்டரிலோ 350-ஐத் தாண்டும். முழு வலுவில் நாளெல்லாம் உழும் வண்டிக்கு டிபிஎஃப் இருப்பதே நினைவுக்கு வராது. மருந்து தெளிப்பது, வைக்கோல் வாருவது, லோடரில் அள்ளிப்போடுவது, காலி டிரெய்லரை இழுப்பது, மர நிழலில் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது, இவைதான் டிபிஎஃப்பை அடைக்கும் வேலைகள். "ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, இன்ஜின் சிரமப்படாது, நீடிக்கும்" என்பது பழைய டிராக்டர்களுக்குச் சரியான அறிவுரை. டிபிஎஃப் வண்டிக்கு அதுவே தலைகீழ். 40 எச்.பி. வேலைக்கு 90 எச்.பி. வண்டியை வாங்கினால் அது என்றைக்கும் சூடாகாது, வாரம் இரண்டு தடவை ரீஜென் கேட்கும்.

லேசான வேலைதான் என்றால் கியரை ஏற்றி ஆர்.பி.எம்.மைக் குறைத்து ஓட்டுங்கள். அதே வேலைக்கு இன்ஜின் மீது சுமை கூடுகிறது, உள்ளே வரும் உபரிக் காற்று குறைகிறது, புகை சூடாகிறது, டீசலும் மிச்சமாகிறது. பிடிஓ (பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) வேலையில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஓடும் எகானமி பிடிஓ இருந்தால் அதைப் போடலாம். ஆர்.பி.எம்.மை முறுக்கினால் கரி போய்விடும் என்று சிலர் வெறுமனே ஆக்சிலரேட்டரை ஏற்றி நிறுத்தி வைக்கிறார்கள். சுமை இல்லாத ஆர்.பி.எம். பெரிதாகச் சூடு தராது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால் இன்ஜினை அணைத்துவிடுவதே நல்லது. கனமான சுமையிலிருந்து வந்த உடனே மட்டும் அணைக்கக் கூடாது, டர்போ ஆற மூன்று நிமிடமாவது ஐடிலில் விட வேண்டும்.

ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி அணைப்பது டிபிஎஃப்புக்குச் செய்யும் பெரிய கெடுதல். பாதியில் நின்ற ரீஜெனைக் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கும், மறுபடி அணைப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் டீசல் வீணாகும், கரி ஏறிக்கொண்டே போகும். போஸ்ட் இன்ஜெக்‌ஷன் முறையில், அதாவது எரிப்பு முடிந்தபின் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் விடும் இன்ஜின்களில், இன்னொரு ஆபத்து உண்டு: அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது, முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறது என்றால் மணிக்கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள், பிறகு ரீஜென் ஏன் அடிக்கடி வருகிறது என்று தேடுங்கள். புகைக்குழாயில் தனி டோசர் வைத்து டீசல் தெளிக்கும் இன்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை.

விளக்கு எரிந்து நிறுத்தி வைத்து ரீஜென் செய்யச் சொன்னால், வைக்கோல், சருகு இல்லாத வெறுந்தரையில் நிறுத்துங்கள், கொட்டகைக்குள் வேண்டாம். கியர் நியூட்ரல், பிடிஓ நிறுத்தம், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும், இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ரீஜென் தொடங்காது. "பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்ற புகாரில் பாதி இப்படித்தான் இருக்கும். இன்னொரு பாதியில் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் கூலண்ட் 60 டிகிரியைத் தாண்டாது, கம்ப்யூட்டர் ரீஜெனை அனுமதிக்காது. சிறிய, மலிவான ஒரு சாமான் கெட்டு, டிபிஎஃப்பே போய்விட்டது என்று முடிவு கட்டப்படும் இடம் இது. தொடங்கிவிட்டால் அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகும். எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் முதலில் பவர் குறைக்கப்படும், அடுத்து சர்வீஸ் கருவி இல்லாமல் ரீஜென் தொடங்காது, அதற்கும் அடுத்த நிலையில் டிபிஎஃப்பைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அளவுக்கு மீறிச் சேர்ந்த கரியை உள்ளேயே கொளுத்தினால் வெப்பம் கட்டுமீறி டிபிஎஃப்பின் பீங்கான் வெடித்துவிடும் என்பதால்தான் அந்தத் தடை.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மங்களிலிருந்து. எத்தனை ரீஜென் செய்தாலும் அது டிபிஎஃப்பின் பின்பகுதியில் குவிந்துகொண்டே போகும். சில ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றழுத்தத்தால் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். எத்தனை ஆயிரம் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுப்பது தவறான ஆயில். சிகே-4 தர ஆயிலில் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய சிஐ-4, சிஎஃப்-4 ஆயில்களில் அப்படி வரம்பு இல்லை. கொட்டகையில் ஒரே டிரம் வைத்துக்கொண்டு பழைய டிராக்டருக்கும் புதியதற்கும் அதையே ஊற்றுகிறவர்கள் டிபிஎஃப்பின் ஆயுளைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். டீசலும் அப்படியே. கந்தகம் 10 அல்லது 15 பிபிஎம்முக்குள் இருக்கும் டீசல்தான் இந்த வினையூக்கிகளுக்கு. கலப்படமோ மண்ணெண்ணெயோ போனால் டிஓசிதான் முதலில் செத்துப்போகும்.

டிபிஎஃப் அடைக்கிறது என்று வரும் வண்டிகளில் பலவற்றில் டிபிஎஃப் நோயாளிதான், நோய் முன்னால் இருக்கிறது. இன்டர்கூலருக்கும் இன்டேக்குக்கும் நடுவே ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து டர்போ காற்று கசிந்தால் கரி கூடும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கூடும். இன்ஜெக்டர் நாசில் ஒழுகினால் கூடும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்) இன்ஜெக்டர்கள் 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், சில மைக்ரான் இடைவெளியில் வேலை செய்பவை, தண்ணீர் கலந்த டீசல் அவற்றுக்கு விஷம். டர்போ சீல் போய் எண்ணெய் கசிந்தால் கரியும் சாம்பலும் சேர்ந்தே கூடும். ஆகவே ஒவ்வொரு ரீஜென் வரும்போதும் மணிமீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 30 மணிக்கு ஒருமுறை வந்தது 10 மணிக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டால், வேலை மாறவில்லையென்றால், டிபிஎஃப்பைத் தொடுவதற்கு முன் இந்த நான்கையும் பாருங்கள். புது டிபிஎஃப் போட்டு மூன்று மாதத்தில் அதுவும் அடைத்த வண்டிகள் எல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவை.

டிபிஎஃப்பின் நிறைவை அளக்கும் அழுத்த வேறுபாட்டு சென்சாரையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் இருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் அதற்குப் போகும். சென்சார் உயரத்தில் இருக்க வேண்டும், குழாய்கள் டிபிஎஃப்பை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும், அப்போதுதான் உள்ளே சேரும் நீர் வடியும். நடுவில் தொங்கி வளைந்திருந்தால் அங்கே நீரும் கரியும் அடைத்துக்கொள்ளும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் இந்த சென்சார் பூஜ்யம் காட்ட வேண்டும். அப்போதே ஏதாவது அழுத்தம் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அழுத்தம் குறைவாகத் தெரியும், டிபிஎஃப் காலியாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும், உள்ளே கரி மலைபோல் ஏறும். குழாயை மாற்ற அரை மணி வேலை. கவனிக்காமல் விட்டால் டிபிஎஃப்பே போகும்.

இனி யூரியா. எஸ்சிஆர் எனப்படும் இந்த முறையில் 32.5 சதவீத யூரியா, மீதி கனிமம் நீக்கிய நீர் கொண்ட கரைசலைச் சூடான புகையில் தெளிக்கிறார்கள். யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. வினையூக்கியில் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறுகிறது. இதில் ஒரு நன்மை இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் சிலிண்டரில் எரிப்பைச் சூடாகவும் சிக்கனமாகவும் வைக்க முடிகிறது. இன்ஜின் தயாரிக்கும் எஃப்பிடி நிறுவனம் டியர் 4 ஃபைனலுக்கு ஈஜிஆரும் டிபிஎஃப்பும் இல்லாமல் எஸ்சிஆரை மட்டும் நம்பிப் போனது இந்தக் கணக்கில்தான். யூரியா என்றாலே தொல்லை என்று ஒதுக்காதீர்கள். எஸ்சிஆர் இருக்கும் வண்டியில் கரி குறைவு, டிபிஎஃப்புக்கும் வேலை குறைவு.

ஆனால் கரைசல் விஷயத்தில் எந்தச் சமரசமும் செல்லாது. ஐஎஸ்ஓ 22241 தரம் என்று கேனில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தரத்தில் யூரியா 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள், பையூரெட் என்ற வேண்டாத துணைச் சேர்மம் 0.3 சதவீதத்துக்குள் இருக்கும். உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா என்று எல்லா விவசாயிக்கும் ஒருமுறை தோன்றும். உர மூட்டையில் பையூரெட் பல மடங்கு அதிகம். கட்டி பிடிக்காமலிருக்கப் பூசிய பொருள்களும் உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியமும் சோடியமும் வினையூக்கியின் மேல் படிந்தால் திரும்பி வராது. கரைசலுக்கு ஆயுளும் உண்டு: 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம். வெயில்படும் தகரக் கொட்டகையில் பத்து கேன் வாங்கி அடுக்குவது சிக்கனமாகாது. செலவு பொதுவாக 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 8 லிட்டர். உங்கள் வண்டியின் விகிதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப வாங்குங்கள். அந்த விகிதம் திடீரென்று இறங்கினால் கரைசலைத் தெளிக்கும் டோசர் அடைத்திருக்கிறது என்று பொருள், விளக்கு எரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கரைசலுக்கு ஒத்துவராத உலோகம் எதுவும் அதில் படக் கூடாது. செம்பு, பித்தளை, கால்வனைஸ் செய்த தகரம் எல்லாம் கரைசலில் கரைந்து வினையூக்கியைக் கெடுக்கும். தனிப் புனல், தனிக் கேன் வையுங்கள். டீசல் ஊற்றிய புனல் வேண்டவே வேண்டாம். யூரியாத் தொட்டியில் டீசல் கொஞ்சம் போனாலும் பம்பின் ரப்பர் சீல்கள் உப்பிவிடும். டீசல் தொட்டியில் கரைசல் போனால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள்; பல வண்டிகளில் இக்னிஷன் போட்டதுமே ஃபீட் பம்பு ஓடத் தொடங்கும். அந்த நிலையில் தொட்டியை வடித்துக் கழுவினால் செலவு சின்னது, ரெயிலுக்குள் போய்விட்டால் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்.

சாவியை அணைத்த பிறகு யூரியாப் பம்பு குழாயிலிருக்கும் கரைசலைத் தொட்டிக்கே திரும்ப உறிஞ்சும். ஒன்றிரண்டு நிமிடம் ர்ர் என்று ஒரு ஓசை கேட்கும். திருட்டுப் பயத்தில் உடனே பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டால் கரைசல் டோசர் முனையிலேயே தங்கி வறண்டு வெள்ளைப் படிகமாகிவிடும். சில நாள் இப்படிச் செய்தாலே நாசில் அடைக்கும். லேசான வேலையில் புகைக்குழாய் ஆறிப்போய் உள்ளே படிகம் கட்டுவதும் உண்டு. அந்தப் படிகம் பெரும்பாலும் வெந்நீரில் கரையும், சுரண்ட வேண்டாம். குளிர்ப்பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும், தொட்டியைக் கூலண்ட் சூடாக்கிக்கொள்ளும், உறைந்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். உறைதடுப்பு என்று எதையும் அதில் கலக்கக் கூடாது.

எஸ்சிஆரில் அடிக்கடி மாற்ற வேண்டிவரும் சாமான், நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இவற்றின் பீங்கான் முனை உள்ளே சூடாக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் நீர்த்துளி பட்டால் விரிசல் விடும். பின் சென்சாருக்கு அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கரைசல் அதிகமாகத் தெளித்தாலும் "நைட்ரஜன் ஆக்சைடு குறையவில்லை" என்றே குற்றச்சாட்டு வரும், சென்சாரை மாற்றியும் தீராது. பிரஷர் வாஷரை இந்த சென்சார்கள் பக்கம் காட்டாதீர்கள், சூடான டிபிஎஃப் மேல் பச்சைத் தண்ணீரும் அடிக்காதீர்கள்.

விளக்கு எரிந்தால் முதலில் குறியீட்டைப் பாருங்கள். பெரும்பாலான டிராக்டர்கள் ஜே1939 என்ற பொதுவான குறியீட்டு முறையில் இரண்டு எண் காட்டும்: எஸ்பிஎன் எந்தச் சாமான் என்று சொல்லும், எஃப்எம்ஐ என்ன மாதிரிக் குறை என்று சொல்லும். 3251 என்றால் டிபிஎஃப் அழுத்த வேறுபாடு, 3226 என்றால் பின் நாக்ஸ் சென்சார், 4364 என்றால் எஸ்சிஆர் நைட்ரஜன் ஆக்சைடை மாற்றும் திறன். எஃப்எம்ஐ 3, 4, 5 வந்தால் அது மின்சாரக் குறை: வயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கலாம். அந்த மூன்று எண்ணில் எது வந்தாலும் சாமான் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, திரும்பப் போட்டு, பேட்டரி வோல்டேஜையும் எர்த் கேபிளையும் பாருங்கள். 3251-ஓடு எஃப்எம்ஐ 0 அல்லது 16 வந்தால் அங்கே உண்மையிலேயே அழுத்தம் கூடியிருக்கிறது, கரியைத் தேடலாம். குறியீடு இல்லாமல் "பவர் இல்லை" என்று மட்டும் சொன்னால், எவ்வளவு அனுபவம் உள்ளவராலும் தூரத்திலிருந்து பழுதைச் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அது ஊகம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி வருபவை அப்படியில்லை. டிபிஎஃப்பைச் சுத்தம் செய்யும் என்று பாட்டிலில் விற்கும் சேர்க்கைகள்: இரும்பு, சீரியம் சார்ந்தவை கரி எரியும் வெப்பத்தைக் குறைப்பது உண்மை, அவையும் சாம்பலை விட்டுச்செல்லும் என்பதும் உண்மை. சாம்பல் நிறைந்த டிபிஎஃப்பை எந்தப் பாட்டிலும் காலி செய்யாது. வாரம் ஒருமுறை கட்டாயமாக ரீஜென் போட்டால் நல்லது என்பதும் கேள்விக்குரியது. ஒவ்வொரு ரீஜெனும் டீசலையும் பீங்கானின் ஆயுளையும் தின்கிறது, கேட்கும்போது கொடுத்தால் போதும். எந்தக் கம்பெனி வண்டி தொல்லை குறைவு என்ற பட்டியல்களையும் நான் நம்புவதில்லை. ஒரே மாடல் உழவுக்காரரிடம் சமர்த்தாகவும் லோடர்க்காரரிடம் சண்டித்தனமாகவும் நடந்துகொள்ளும்.

கழற்றிவிடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின்படி அது சட்டமீறல், வேறு பல நாடுகளிலும் விதிமீறல். சட்டத்தை விட்டுவிட்டு இயந்திரமாகப் பார்த்தாலும் பேரம் நல்லதில்லை. டிபிஎஃப்பின் பின்னழுத்தத்தை வைத்துத்தான் டர்போவும் ஈஜிஆரும் டியூன் செய்யப்பட்டிருக்கின்றன. யாரோ இறக்கிய மென்பொருளை ஏற்றினால் அடுத்த பழுதின்போது குறியீடுகளை நம்ப முடியாது, வாரண்டியும் விற்பனை மதிப்பும் போகும். முக்கியமாக, கரி கூடுவதற்கு இன்ஜெக்டரோ டர்போவோ காரணமாக இருந்தால் டிபிஎஃப் போனபின் அதைச் சொல்ல ஆளில்லை. பிஸ்டன் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பவரைக் குறைக்கும் மென்பொருள் அளவுக்கு மீறிக் கடுமையானது என்ற குறை நியாயமானதுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே யூரியாக் குறைக்காகத் திடீரென்று பவர் விழாதபடி மென்பொருளைத் தளர்த்திக்கொள்ளத் தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது.

பழையதா புதியதா என்றால், உங்கள் வேலையின் பெரும்பகுதி உழவு, ரோட்டவேட்டர் போலக் கனமானது என்றால் புதிய 90 எச்.பி. தாராளமாக வாங்கலாம். வருடத்தில் 200 மணி நேரம், அதிலும் பாதி டிரெய்லர் என்றால் உங்கள் 50 எச்.பி.யை நன்றாகப் பராமரித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், இல்லையென்றால் 75 எச்.பி.க்குள் யூரியா இல்லாத ஒன்றைப் பாருங்கள். டிபிஎஃப் உள்ள பழைய வண்டி வாங்குவதானால் புகைக்குழாயின் வாய்க்குள் விரல் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருக்கும் குழாய் பல ஆயிரம் மணி ஓடியும் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். விரலில் கரி அப்பினால் உள்ளே விரிசல், அல்லது யாரோ குடைந்து எடுத்துவிட்டார்கள்.

புதிதாக வாங்குவதானால் முன்பணம் கொடுக்கும் முன் டீலரிடம் நிறுத்திவைத்த ரீஜெனை ஓட்டுபவரே டாஷ்போர்டிலிருந்து தொடங்க முடியுமா, கரி நிறைவு சதவீதமும் எஸ்பிஎன், எஃப்எம்ஐ எண்களும் திரையில் தெரியுமா என்று கேளுங்கள். நாக்ஸ் சென்சாரும் யூரியா டோசரும் கையிருப்பில் வைக்கிறார்களா, சாம்பல் சுத்தம் எத்தனை மணிக்கு, டிபிஎஃப்பைக் கழற்றிக் கொடுத்தால் மாற்று உடனே கிடைக்குமா, புகைக்குழாய்ச் சாமான்களின் வாரண்டி எத்தனை மணி என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முதல் இரண்டு கேள்விக்கும் "அதெல்லாம் நாங்கள் வந்து லேப்டாப்பில் பார்ப்போம்" என்று பதில் வந்தால், இருக்கையும் ஏசியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.